உங்கள் முகத்தோடு ஒரு பொம்மை

அன்புள்ள என் கணவர் கலானிக்கு,

கர்த்தர் கிருபையால் ஹீலோவில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் மீட்டெடுக்கும், பொம்மைகளை ஆட்டிப் பாடும் நம் பழைய ஹவாய் நடனமான பொம்மை ஹுலாவின் நேற்றைய ஒத்திகையில் நால்வர் இருந்தோம்: நான், பாட்டுக்காரி புவானானி, முரசடிக்கும் கவிகா, ஊரிலிருந்து வந்த நம் போதகர் மனைவி ஹீலானி அக்கா. ஆட்டத்தில் எல்லாரும் சிரிக்கும் தற்பெருமைக்காரனுக்காக நான் செதுக்கிய பொம்மையைத் தூக்கியதுமே அக்கா சிரித்துவிட்டார்.

"அடியே, இது உன் வீட்டுக்காரரேதான்! மூக்கைக்கூட விடலியே! சனிக்கிழமை நம்ம சபையே பார்க்க வருது. சபை மூப்பரா இருக்கிற மனுஷன் தலைய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு?"

கேலிக்காகச் செதுக்கவில்லை. மூன்று மாதமாகப் பார்க்காத முகம், உளி பிடித்ததும் தானாக வந்துவிட்டது. பெயர் சூட்டிய பொம்மையில் மறுபடி உளி வைக்கக் கூடாது என்கிறாள் புவானானி. அவன் இல்லாமல் ஆட்டமும் இல்லை.

அவனுக்கு உடுத்த உங்கள் பழைய நீலச் சட்டையை அனுப்புவீர்களா, இல்லை அவனைப் பெட்டியில் வைத்து மூடிவிடவா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மலியா