நடு மூன்று கம்பிகள்

காலையில் பார்சல் வந்தது. ஷார்ஜாவிலிருந்து அண்ணன் மகன் அனுப்பியது. பிரித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதைச் சொல்லித் தீர்க்க நீ இல்லை என்பதில் இன்னும் எரிச்சல். கறுப்பாக, வழவழவென்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கேப்போ. கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றுவோமே, அந்தக் கிளிப்தான். ஆனால் இது ஆறு கம்பிகளையும் அழுத்தாது. நடுவில் மூன்றை மட்டும் அழுத்தும். வேண்டுமென்றே அப்படிச் செய்து, டப்பாவில் போட்டு, படம் போட்டு விளக்கி விற்கிறான்! நம் கண்டுபிடிப்பைத் தூக்கிக் கொண்டுபோய் எவனோ கடை போட்டிருக்கிறான் பார்!

உடனே உனக்குச் சொல்ல வேண்டுமென்று போனை எடுத்தேன். உன் பெயர் வரைக்கும் விரல் போய்விட்டது. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. நம்முடையதில் சைக்கிள் டியூபும் பஞ்சர் சொல்யூஷனும் கலந்து மூக்கைத் துளைக்கும். மேடையில் உனக்குத் தும்மல் வரும்.

காலையிலிருந்து உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். "என்னங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல குந்துங்களேன்" என்று வீட்டில் அதட்டுகிறாள். எப்படிக் குந்துவது? நாளைக்கு உன் படத்திறப்பு. சாமி சடங்கு எதுவும் வேண்டாம், படத்தைத் திறந்து நாலு பேர் பேசட்டும் என்று நீ சொல்லி வைத்தபடியே ஏற்பாடு. உன் மகள் போன் பண்ணி, "மாமா, அப்பாவுக்காக நீங்க ஒண்ணு வாசிக்கணும்" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டேன். கிட்டாரை வாசித்தே பல வருஷமாகிறது. விரல் நுனியெல்லாம் கடைக்காரன் விரலாக மெத்தென்று ஆகிவிட்டது.

அது மட்டுமானால் சமாளித்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தது இருக்கிறதே, அதுதான் என்னைப் போட்டுப் படுத்துகிறது. உன் வாயில் குழாய். பேசிப் பேசியே தாசில்தாரைத் தண்ணி குடிக்க வைத்தவன் பேச்சில்லாமல் கிடந்தாய். என்னைக் கண்டதும் கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினாய். அங்கே வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. மேடையில் நமக்குள் இருந்த சைகை அது. மூன்று விரல் காட்டினால் கிளிப்பைப் போடு, எங்கம்மா பாட்டைப் பாடப் போகிறேன் என்று அர்த்தம். "கிட்டார் வீட்டுல கெடக்குடா. நாளைக்குக் கொண்டாரேன்" என்றேன். நீ கண்ணை மூடித் திறந்தாய். மறுநாள் கிட்டாரோடு பஸ் ஏறப் போகும்போது போன் வந்துவிட்டது.

கேட்டுவிட்டுப் போய்விட்டாயடா. நான் என்ன செய்ய?

மாயவரம் பக்கத்துக் குத்தாலம் கடைத்தெருவில் என்னைப் பெற்ற அத்தாவின் வாடகை சைக்கிள் கடை. துபாய்க்குப் போன அண்ணன் முதல் தடவை வந்தபோது கிட்டாரும் ஒரு கேப்போவும் கொண்டுவந்தான். டேப்ரிக்கார்டர் வரும் என்று காத்திருந்த அத்தா, "இதை வெச்சு என்னடா பண்றது, பஞ்சர் ஒட்டுறதா?" என்று கேட்டார். அவர் வாய் முகூர்த்தம் அப்படியே பலித்தது. நீ அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். உன் அம்மா மிராசுதார் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். நாம் இரண்டு பேரும் மாயவரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தோம். நீ பாட, நான் கிட்டார். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சினிமாப் பாட்டு.

உனக்கு அது போதவில்லை. அம்மா வயலில் பாடுகிற பாட்டை மேடையில் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நீ பாடினாய், நான் மேஜர் கார்ட் பிடித்தேன்.

"நிறுத்து பாய். உன் கிட்டாரு சிரிக்குது" என்றாய்.

மைனருக்கு மாற்றினேன்.

"இப்ப அழுவுது. எங்கம்மா சிரிக்கவும் இல்ல, அழுவவும் இல்லய்யா. கேக்குது. கேக்குற மாதிரி அடி."

"கேக்குற மாதிரி கார்டு எந்தக் கடையிலடா விக்கிறான்? நீ போய் வாங்கிட்டு வா, நான் அடிக்கிறேன்" என்று கத்தினேன். ஆனாலும் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. நடவு நடக்கும்போது வரப்பில் நிலத்துக்காரரோ புது ஆளோ வந்தால், பெண்கள் ஒரு முடி நாற்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைப்பார்கள். பாட்டுப் பாடிக் குலவை போடுவார்கள். அவர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் அந்த நாற்றைத் தாண்ட வேண்டும். கொடுக்காமல் தாண்டியவனை அந்தப் போகம் முழுக்க ஊர் பேசும். அந்தப் பாட்டில் கெஞ்சலும் கிடையாது, மிரட்டலும் கிடையாது.

கம்பிகளின் சுருதியையே மாற்றிக் கூட்டினால் அந்த ஓசை வரலாம் என்று கீயைத் திருகிப் பார்த்தேன். டங் என்று ஒரு கம்பி அறுந்து என் கன்னத்தில் அடித்தது. புதுக் கம்பி வேண்டுமென்றால் மெட்ராஸுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அண்ணன் வர வேண்டும். அதுவுமில்லாமல், மேடையில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கீயைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குழுவை நடத்திய மாஸ்டர் தோலை உரித்துவிடுவார்.

பிறகு ஒரு கோடையில் தகரச் சூட்டில் கேப்போவின் ரப்பர் நடுவில் இளகிக் கிழிந்தது. பஞ்சர் கடைப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? ஓட்டை எங்கேயோ அங்கே பேட்ச். டியூபில் சின்னதாக வெட்டி, சொல்யூஷன் தடவி, கிழிந்த இடத்தில் மட்டும் கெட்டியாக ஒட்டினேன். மாட்டிப் பார்த்தால் பேட்ச் இருந்த இடத்தில் நடு மூன்று கம்பிகள் மட்டும் அமுங்கின. மேலே ஒன்றும் கீழே இரண்டும் அமுங்காமல் சும்மா கிடந்தன. சே, உருப்படியாக ஒரு பஞ்சர்கூட ஒட்டத் தெரியவில்லையே என்று ஆறு கம்பியையும் எரிச்சலில் ஒரு இழு இழுத்தேன்.

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "இரு இரு. அதையே திரும்ப அடி."

அடித்தேன். சிரிக்கவில்லை, அழவில்லை. வாசலில் வந்து நின்று ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு ஓசை. கம்பிகளின் சுருதியை நான் மாற்றவேயில்லை, ஆனால் மாற்றிவிட்ட மாதிரி கேட்டது. கிளிப்பைக் கழற்றினால் அடுத்த நொடி சினிமாப் பாட்டுக்குத் தயார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "இது டூப்ளிகேட் சுருதிடா. முறையாக் கூட்டினா இன்னும் நல்லா வரும்" என்றேன். "கேக்குதுல்ல? அது போதும் பாய்" என்றாய். இந்தச் சண்டையை நீ சாகிற வரைக்கும் போட்டோம்.

அந்த வருஷம்தான் மிராசுதாரின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. நம் குழுவுக்குத்தான் கச்சேரி. கழக ஆட்சி வந்து, குடியிருக்கிற மனைக்குப் பட்டா என்று பேச்சு கிளம்பி, பண்ணைகளில் கூலித் தகராறு மூண்டிருந்த நேரம். உங்கள் தெருக்காரர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டதால், குறுவை நடவுக்கு வெளியூர் ஆள் இறக்குவேன் என்று மிராசுதாரின் மகன் சொல்லிவிட்டான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அந்த நடவு கையை விட்டுப் போனால் உங்கள் தெருவில் அடுப்பு எரியாது. வெளியூர் ஆள் வயலில் கால் வைத்தால் வெட்டுக்குத்து ஆகும் என்றும் பேச்சு இருந்தது. பஸ்ஸில் நீ ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாய். "பாட வேண்டாம்னா சொல்லிடு, மாஸ்டர்கிட்ட வயித்து வலின்னு சொல்லிடறேன்" என்றேன். "பாடுறேன்" என்று மட்டும் சொன்னாய்.

சாயங்காலம் வெயில் சாய்ந்திருந்தது. பந்தலில் மாலையும் கழுத்துமாக மிராசுதார் தம்பதி முன்வரிசையில் இருந்தார்கள். பந்தல் வாசலில் உன் அம்மாவும் தெருப் பெண்களும் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் வாங்க வந்தவர்களை விரட்ட யாருக்கும் வாய் வரவில்லை. மிராசுதார் சாப்பிடப் போக எழுந்து, பந்தல் நடுவில் விரித்த கம்பளத்தில் நடந்து வாசலை நெருங்கினார். அப்போது நீ என் பக்கம் திரும்பி மூன்று விரல்களைக் காட்டினாய்.

 என் கை போய்க் கிளிப்பை மாட்டிவிட்டது.

நீ பாட ஆரம்பித்தாய். உன் அம்மா மடியிலிருந்து ஒரு முடி நாற்றை எடுத்தார். வருகிற வழியில் நாற்றங்காலில் பிடுங்கியது, வேரில் சேறு ஈரமாக இருந்தது. குனிந்து அந்தக் கம்பளத்தில், மிராசுதாரின் காலடியில் வைத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அவர் நின்றுவிட்டார்.

"அப்பா, வாங்க நீங்க. ஏய், நவுருங்க!" என்றான் மகன்.

அவர் நகரவில்லை. வரப்பில் வளர்ந்த மனுஷர். கொடுக்காமல் நாற்று முடியைத் தாண்டி அவருக்குப் பழக்கமில்லை. கை தானாக இடுப்புக்குப் போய், மடிப்பிலிருந்து ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டியது.

"காசு வேணாங்கய்யா" என்றார் உன் அம்மா. "நடவு எங்களுக்கு வேணும். நாங்க வளத்த நாத்து."

 மாஸ்டர் என்னைப் பார்த்து, நிறுத்து நிறுத்து என்று கையை வெட்டினார். நான் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது? நீ பாடிக்கொண்டிருந்தாய், அந்த ஓசை பதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மிராசுதார் நாற்றைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், கடைசியில் உன் அம்மாவைப் பார்த்து, "நாளைக்கு எறங்குங்க" என்றார். அப்புறம்தான் தாண்டினார்.

அவர் சொன்ன நாளைக்கு, நாளைக்குத்தான். மறுநாள் காலை உங்கள் தெருப் பெண்கள் வயலில் இறங்கினார்கள். கூலித் தகராறு அதோடு முடிந்துவிடவில்லை. தாசில்தார் ஆபீஸ், ஜமாபந்தி, கேஸ், வாய்தா என்று எத்தனையோ வருஷம் நீ அலைந்தாய். ஆனால் அந்தக் குறுவையில் ரத்தம் சிந்தவில்லை. "ரெண்டு பேரும் அந்த ஒட்டுப்போட்ட கிளிப்பை எடுத்துக்கிட்டு ஓடிப் போங்கடா" என்று மாஸ்டர் நம்மைக் குழுவிலிருந்து விரட்டியபோது, நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பயத்தில் என் சட்டை நனைந்திருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்புறம் எத்தனையோ கூட்ட மேடைகளில் கடையை அடைத்துவிட்டு உன்னோடு வந்து வாசித்தேன். நீ விரலைக் காட்டினால் என் கை போய்விடும். ஒரு தடவைகூட உன்னைக் காக்க வைத்ததில்லையடா நான்.

மத்தியானம் உன் மகள் தஞ்சாவூரிலிருந்து வந்தாள். நாளைக்கு அவளே பாடுகிறாளாம். என்ன பாட்டும்மா என்று வாயால் கேட்கவில்லை. மூன்று விரல்களைக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்பா எனக்கும் இதையேதான் காட்டினாங்க மாமா. மாத்திரை கேக்குறாங்களா, தண்ணி கேக்குறாங்களான்னு தெரியாம, பஞ்சை நனைச்சு நனைச்சு ஒதட்டுல வெச்சேன். என்ன கேட்டாங்க மாமா?"

சொன்னேன். சொல்லச் சொல்ல இரண்டு பேரும் அழுதோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதோம். அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாத்தாகிட்ட கத்துக்கிட்டேன் மாமா, எனக்குத் தெரியும் அந்தப் பாட்டு. போடுங்க கிளிப்பை" என்றாள்.

ஷார்ஜாக் கிளிப்பைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தாவின் சைக்கிள் கடைதான் இப்போது இல்லையே, பழையதை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்கு ஓடினேன். ரப்பரெல்லாம் உதிர்ந்து வெறும் கட்டையாக இருந்தது. "நடுவுல மட்டும் ஒரு பேட்ச் போடு தம்பி, கெட்டியா" என்றேன். அவன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒட்டிக் கொடுத்தான். இப்போது அது கிட்டாரின் கழுத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. வீடு முழுக்க சொல்யூஷன் வாசனை. வீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

முறையாகச் சுருதி கூட்டினால் இன்னும் நன்றாக வரும் என்று இப்போதும் சொல்வேன், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நாளைக்கு இந்தக் கிளிப்தான். ஆஸ்பத்திரியில் உனக்கு வாக்குக் கொடுத்த நாளைக்கு இல்லை, அது போய்விட்டது. இது வேறு நாளைக்கு. மிராசுதாராவது கொடுத்துவிட்டுத் தாண்டினார். உன் மூன்று விரலும் அந்த நாற்று முடி மாதிரி என் காலடியில் அப்படியே இருக்கின்றன, வேரில் சேறு காயாமல். நாளைக்கு வாசித்து முடித்த பிறகும் அவை அங்கேயேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும் போ. உன்னைத் தாண்டிப் போக எனக்கு எந்த ஊர் இருக்கிறது?