அம்மா வீட்டுப் பூட்டும் நான்காம் பிரிவும்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் வக்கீல் சங்கத்தில் இன்று மசோதா வரைவின் நான்காம் பிரிவை எடுத்தோம். கல்யாணம் செய்துகொள்ளாத இருவர் ஒரே வீட்டில் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால், சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவன் மனைவி. சொத்தில் பங்கு, ஜீவனாம்சம் எல்லாம் உண்டு. எழுதியது நான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண் வக்கீல்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், சூறாவளியைத் தவிர.

சட்டக் கல்லூரியில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. இன்றும் பொருந்துகிறது. "கல்யாணமே வேண்டாம்னு ஓடி வந்தவளத் துரத்திப் பிடிச்சுக் கல்யாணம் பண்ணி வைக்கிற சட்டம்டி இது" என்றாள். நான் என் கட்சிக்காரியான தையல்காரியின் கதையைச் சொன்னேன். ஒருவனோடு ஒன்பது வருடம் வாழ்ந்தவள். ஒரு சண்டையில் உடுத்திய துணியோடு வெளியே தள்ளிவிட்டான். அவள் உழைத்து வாங்கிய தையல் மெஷின் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. நீ மனைவி இல்லையே என்று சட்டம் கைவிரிக்கிறது. இவளுக்கு என்ன பதில் என்று கேட்டேன். சூறாவளி வரைவைப் பிடுங்கி இன்னொரு தடவை படித்தாள். அரை நிமிடம் இருக்கும்.

திரும்பும் வழியில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா இல்லை. அதனால் என்ன, என்னிடம் சாவி இருக்கிறதே. பழங்களை ஃப்ரிட்ஜில் வைத்தேன். மாத்திரை டப்பாவைச் சரிபார்த்தேன். காலாவதியான ஜாம் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். நான் இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் கவனிப்பது?

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வீட்டில் மறுபடியும் அந்தப் பூட்டுக்காரர். கடைத்தெருவில் பூட்டு, சாவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பின்கதவு இறுகுகிறதாம். போன வாரம் முன்கதவு. அதற்கு முந்தின வாரம் அலமாரி. அந்த வீட்டில் பூட்டு என்று இருப்பதே மொத்தம் மூன்றுதான். அப்பா போன பிறகு தனியாக இருக்கும் பெண் என்று அம்மாவை நன்றாக ஏமாற்றுகிறார் போல.

இதை என் கணவரிடம் சொன்னேன். "வக்கீல் அம்மாவுக்கு இன்னும் புரியலையா?" என்றார், செய்தித்தாளை இறக்காமலே.

என்ன புரியவில்லை?

மார்ச் 15, சனி

புரிந்தது.

மதியம் சாவி போட்டுத் திறந்து உள்ளே போனேன். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. உள்ளேயிருந்து அம்மா சிரிக்கும் சத்தம். டிவி பார்க்கிறாளோ என்று நினைத்தேன். அந்த அறையில் டிவி கிடையாது. "அம்மா" என்று கூப்பிட்டேன். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டுக்காரர் வெளியே வந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒரு படி மாறிப் போட்டிருந்தன. "வாங்கம்மா, உக்காருங்க, டீ போடட்டுமா?" என்றார். என் அம்மா வீட்டில் என்னை உட்காரச் சொல்கிறார்.

பின்னாலேயே அம்மா, கூந்தலை முடிந்துகொண்டு வந்தாள். பிரசவ வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மனித உடம்பில் அவளை வெட்கப்பட வைக்கும் பாகம் எதுவும் கிடையாது. "கதவத் தட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள், நான்தான் ஏதோ தப்புப் பண்ணிய மாதிரி.

டீ வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு கப் குடித்தேன். நன்றாகத்தான் போடுகிறார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. எழுதிப் பார்த்தாலும் குறையவில்லை.

மார்ச் 20, வியாழன்

நான் பிற்போக்குவாதி அல்ல. பெண்ணின் உடல், பெண்ணின் விருப்பம், பெண்ணின் முடிவு என்று மேடை மேடையாகப் பேசியவள். அம்மாவும் பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுகளில் என் மனக்கண்ணில் வந்த பெண்ணுக்கு மூட்டுவலி இல்லை, அவள் என்னைப் பெற்றவளும் இல்லை.

சரி, அம்மாவின் பாதுகாப்பாவது முக்கியம் அல்லவா? நேரே போய்ப் பேசினேன்.

"பதிவுத் திருமணம் பண்ணிக்கோ."

"எதுக்கு?"

"சரி, பண்ணிக்காத. அவர் இங்கயே தங்கிட்டா, என் மசோதா வந்ததும் ரெண்டு வருஷத்துல தானாவே நீ அவருக்கு மனைவி. கடையில உனக்குப் பங்கு வரும்."

அம்மா யோசித்தாள். "அப்ப என் வீட்டுல அவருக்கும் பங்கா?"

சட்டம் இருவருக்கும் சமம் என்று உட்பிரிவு போட்டதே நான்தான். என்னை அறியாமல் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த வீடு.

அப்புறம் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பா நல்ல மனுஷன்தான்டி. ஆனா எங்க போன, யாரோட பேசின, ஏன் இவ்வளவு நேரம்னு காலம் பூரா கணக்கு ஒப்பிச்சேன். இனிமே யாருக்கும் பொண்டாட்டியா இருக்க என்னால ஆகாது. இவரோட சும்மா இருக்கேன். அவ்வளவுதான். அதுக்கு உன் சட்டம் ஒரு பேர் வைக்கணுமா?"

வீட்டுக்கு வந்து புலம்பினேன். "உன் சட்டப்படி ரெண்டு வருஷத்துல அவர் எனக்கு மாமனார் ஆயிடுவாரே. இப்பவே மரியாதையாப் பேசிப் பழகிக்கிறேன்" என்றார் கணவர். இந்த மனிதரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை.

மார்ச் 29, சனி

சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டேன். துடைத்துப் போட்டேன். எதிர்வீட்டுப் பெண் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். நான் திருடி இல்லை என்று காட்டுவதற்காக அவளைப் பார்த்துச் சிரித்தேன். அது இன்னும் திருட்டுத்தனமாக இருந்திருக்கும். கடைசியில் மணி அடித்தேன்.

"பூட்ட மாத்தினியா?"

"ம்."

"யாரு மாத்தினது?" கேட்டு முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

புதுச் சாவி எனக்குக் கிடையாதாம். "ஏதாவது அவசரம்னா?" என்றேன். "அவசரம்னா நானே கூப்பிடுறேன்." "மயங்கி விழுந்துட்டா எப்படிக் கூப்பிடுவ?" "எதிர்வீட்டுல ஒரு சாவி குடுத்திருக்கேன்."

எதிர்வீட்டில். வேடிக்கை பார்த்தாளே, அவளிடம். பெற்ற மகளுக்கு இல்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. என்னடி இது, சின்னப் பிள்ளை மாதிரி? ஆமா, அழுதேன். வலிச்சுது.

ஏப்ரல் 5, சனி

இன்று பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை. முதல் வரிசையில் என் தையல்காரி. நான்காம் பிரிவை விளக்கி முடித்தேன். நல்ல கைதட்டல். எதிர்த்தரப்பில் சூறாவளி எழுந்து, "எங்க சார்பா ஒருத்தர் பேசுவார்" என்றாள்.

என் அம்மா எழுந்து வந்தாள்.

எப்போது பிடித்தாள் என் அம்மாவை? சூறாவளி என் பக்கம் திரும்பவே இல்லை, பாதகி.

"உங்களுக்கு இந்த மசோதாவைப் பற்றித் தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார். "எழுதினவளையே தெரியுங்க. நான்தான் பெத்தேன்" என்றாள் அம்மா. அரங்கம் சிரித்து அடங்கச் சற்று நேரம் ஆனது. நான் என் கோப்பை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வார்டுல ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை உண்டு. உள்ள வரலாமான்னு கேக்காம டாக்டரே வந்தாலும் திட்டுவேன். இந்தச் சட்டம் கேக்காமலே திரைய விலக்குது. எனக்கு வேணும்னா நான் கூப்பிடுறேன். அப்ப வரட்டும்." சொல்லிவிட்டு உட்காரப் போனாள்.

அப்போது தையல்காரி எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "நான் கூப்பிட்டேங்க. ராத்திரி தெருவுல நின்னு கூப்பிட்டேன். போலீஸுக்குப் போனேன். நீ அவனுக்கு யாருன்னு கேட்டாங்க. கூப்பிட்டா வரும்னு நீங்க சொல்றீங்க, எனக்கு யார் வந்தா?"

அம்மா தன் இடத்துக்குப் போகாமல் தையல்காரியின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கூட்டம் முடியும்வரை இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கட்சியில் யார் என்று நீதிபதிக்கே குழப்பம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சூறாவளியோடு இனி பேசுவதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சூறாவளியோடு காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். அவள்தான் வரைவோடு வந்தாள். நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து நான்காம் பிரிவைப் பிரித்துப் போட்டோம். அவள் அடிப்பாள், நான் எழுதுவேன். நான் அடிப்பேன், அவள் கத்துவாள். கடைக்காரர் இரண்டு முறை வந்து, எல்லாம் சரிதானே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நடுவில் நான் நிறுத்திவிட்டு, "எங்கம்மாவ எப்படிடி பிடிச்ச?" என்றேன். "நான் எங்க பிடிச்சேன்? அவங்கதான் என் ஆபீஸுக்கு வந்தாங்க. கதவத் தட்டிட்டு" என்றாள்.

மாலைக்குள் ஒன்று தேறியது. இரண்டு வருடக் கணக்கு போயிற்று. யாரையும் யாருக்கும் மனைவியாக்கும் வேலையும் போயிற்று. ஆனால் சேர்ந்து வாழ்ந்தவர்களில் யார் வந்து கேட்டாலும், முதல் நாளிலிருந்தே, தெருவில் தள்ளப்படாமல் இருக்க உரிமை உண்டு. உழைத்து வாங்கியது அவரவருக்கு. நீ அவனுக்கு யார் என்று போலீஸ் கேட்கக் கூடாது. கேட்காதவர்களைத் தேடிச் சட்டம் போகாது.

கடைசி வரியை நான் எழுதினேன். சூறாவளி ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. உடம்பு சரியில்லையோ?

ஏப்ரல் 26, சனி

வரைவு நீதிபதியின் குழுவிடம் போய்விட்டது. எப்போது சட்டமாகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வரைவைக் காட்டி நோட்டீஸ் அனுப்பியதிலேயே தையல்காரியை விரட்டிய அந்த ஆள் பயந்துபோய்த் தையல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வரைவுக்குச் சட்ட பலம் இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைத்தெருவில் பூட்டுக்காரர் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே புதுச் சாவி ஒன்று மின்னியது. "உங்களுக்குன்னு ஒண்ணு வெட்டி வச்சேன்ம்மா. என்னாலதான் உங்களுக்கு மனஸ்தாபம். வச்சுக்குங்க. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

கை தானாக நீண்டுவிட்டது. பொய் சொல்லவில்லை, நீண்டது.

"அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"இல்லையே."

"அப்ப வேண்டாம். அதோட பல்ல அரத்தால ராவிடுங்க. அப்புறம், அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்து."

முகம் வெளிறிவிட்டது. பாவம், நல்ல மனிதர்தான்.

மே 11, ஞாயிறு

பழங்களோடு அம்மா வீட்டுக்குப் போனேன். உள்ளே இரண்டு பேர் சிரிப்பது வாசல்வரை கேட்டது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலுக்கு வந்து, சாவியைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

மணி அடித்தேன்.

"இருடி, வர்றேன்" என்றாள் அம்மா, எங்கேயோ உள்ளேயிருந்து.

இருந்தேன்.