முந்திரித் தோப்பும் ஒரு தெலுங்குச் சொல்லும்

ஏப்ரல் 19, ஞாயிறு. வடமாலபேட்டை

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருவள்ளூரிலிருந்து இந்த ஆந்திர ஊருக்கு வந்து இருபது நாள். எனக்கும் மகள் பூஜாவுக்கும் தெலுங்கு சுத்தமாக வராது. வியாழக்கிழமை திருப்பதியில் அவளுக்கு ஸ்கூல் இண்டர்வியூ, மூன்றாம் வகுப்பு. தெலுங்கு கொஞ்சமாவது புரியாவிட்டால் சீட் கிடையாதாம்.

என் வீட்டுக்காரர் யோசனை: "நம்ம தோப்புக்கு இட்டுக்கினு போ. அங்க வேல செய்ற சுப்பம்மாக்கா கூட முந்திரிக்கொட்ட பொறுக்கினா தெலுங்கு தானா வந்துடும்."

ஏப்ரல் 20

தோப்பு. மரத்தடியெல்லாம் பழம். சுப்பம்மாக்காவுக்குத் தமிழ் தெரியாது. மரத்தைக் காட்டி, "ஏரம்மா, ஏரு!" என்றார்.

ஏறினேன். முப்பத்தாறு வயதில், புடவையைச் செருகிக்கொண்டு. பின்னாலேயே பூஜா. இரண்டாவது கிளையில் இருக்கும்போது வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"அங்க இன்னாடி பண்ணிக்கினு கீற? ஏருன்னா தெலுங்குல பொறுக்குன்னு அர்த்தம். எறங்கு கீழ!"

சுப்பம்மாக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஜாக்கெட் கிழிந்தது. மானம் போனது.

ஏப்ரல் 22

பூஜா கற்றவை: பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுப்பது. பச்சைக் கொட்டையைக் கடித்தால் வாய் வெந்துவிடும் (கடிக்கவில்லையாம்). தண்ணீரில் மிதந்தால் சொத்தை, தெலுங்கில் புச்சு. மரத்தைக் கண்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பது.

நான் கற்றது: பழச்சாறு கறை போகவே போகாது.

அக்காவோடு ஓயாமல் பேசுகிறாள். பாதி தமிழ், பாதி தெலுங்கு, மீதி கை.

ஏப்ரல் 23, வியாழன். திருப்பதி

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஸ்கூலில் மேடம் தெலுங்கில் கேட்டதும் பூஜா பெயர் சொன்னாள். அடுத்த கேள்விக்கு முழித்தாள். மேடம் ஒரு டப்பா பாசிமணியைத் தரையில் கொட்டி, "ஏரம்மா, ஏரு" என்றார்.

பூஜா டக்கென்று குந்தி உட்கார்ந்து பொறுக்கினாள். உடைந்த மணிகளை மட்டும் தனியாக வைத்தாள். மேடம் ஏன் என்று கேட்டார்.

"இவி புச்சு, மேடம்!"

மேடம் சிரித்துவிட்டார். சீட் கிடைத்துவிட்டது. அங்கேயே அழுதுவிட்டேன்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்கு போன். விஷயத்தைச் சொல்வதற்குள் பூஜா பிடுங்கிக்கொண்டாள்.

"நைனா, சீட் கெட்ச்சிடுச்சி! மேடம் ஏருன்னாங்களா, நான் பொறுக்கினேன். அம்மாதான் ஸ்டூல் மேல காலு வச்சிடுச்சி."