பாடும் மணல்மேட்டில் இன்கார் கூப்பிட்டது

அன்புள்ள மகன் யெர்னாஸுக்கு,

இங்கே ஆடுமாடும் ஆட்களும் சுகம். கொரியாவில் நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, கறுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது, இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை, எழுந்து எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன். யாரும் வரப்போவதில்லை. இன்காரை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இப்படித்தான். தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டி தங்கள் பிள்ளையாக வளர்ப்பது நம் வழக்கம், நீயேதான் பால் மறந்ததும் அவளைக் கொண்டுவந்து உன் அம்மா மடியில் போட்டாய். அன்று முதல் நான் அவளுக்கு அப்பா, நீ அண்ணன். இப்போது உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டாய். வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அல்தின்-எமெல் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், காற்றடித்தால் இரைந்து பாடும் மணல்மேட்டைக் காட்டி, அவள் சிரிக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பழைய ஜீப்பைக் கிளப்பினேன்.

வழியில் காட்டுக்கழுதைக் கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது, பிள்ளை குதித்தாள், எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இப்ப சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்று உன் அம்மா விலாவில் இடித்துக்கொண்டே வந்தாள். டீ குடிச்சிட்டுச் சொல்றேன் என்றேன். டீயும் ஆயிற்று. மேடு பாடட்டும் என்றேன். காற்றில்லை, அது பாடவில்லை. மணலுக்கும் உங்கள மாதிரியே வாய் அடைச்சுப்போச்சு என்றாள்.

அதற்குள் இன்கார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உச்சிக்கே ஏறிவிட்டாள். அங்கிருந்து அப்பா என்று கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று பதறி, இதோ வந்துட்டேன் தாயி என்று கத்திக்கொண்டே ஏறினேன், ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்குகிறது. மறுபடியும் அப்பா என்றாள், கொஞ்சம் மெதுவாக. மூச்சு வாங்கப் போய் நின்றால், நீங்க ஏன் வந்தீங்க, உங்கள நான் கூப்பிடலையே என்கிறாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, யெர்னாஸ் அண்ணன இனிமே அப்படித்தானே கூப்பிடணும், அங்க போய்த் திக்கக் கூடாதுன்னு சொல்லிப் பாக்குறேன் என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ சொல்லிவிட்டார்களாம். உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல என்றாள். யெர்னாஸ், எனக்கு உன்மேல் கோபமும் வந்தது, அவளைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது.

அவள் அங்கே வருகிறாள். விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள், முட்டையில் மஞ்சள் கரு தொடமாட்டாள், அதட்டாதே. உப்புத் தயிர் உருண்டை கேட்பாள், அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். வேறு யார் கையிலும் அனுப்பமாட்டேன், நீயே வந்து கூட்டிப்போ.

நம் பெரியவர்கள் வாழ்த்துவதுபோல உங்கள் வழி வெள்ளையாக இருக்கட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அவள் முதல் தடவை உன்னைக் கூப்பிடும்போது யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே என்னம்மா என்று கேட்டுவிடு. விமான நிலையத்துக்கு உன் அம்மா வருவாள், நான் வரவில்லை. பக்கத்தில் நின்றால் நான் முந்திக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
துர்சின்பெக்