இரட்டையரில் ஒருத்தி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் சுற்றைத் தாண்டிவிட்டேன். ஓரத்து மைதானத்தில் கேமரா கிடையாது என்பதால் உனக்கு ஸ்கோர் மட்டும்தான் தெரிந்திருக்கும். மீதியை நான்தான் எழுத வேண்டும். போட்டி முடியும்வரை போனைத் தொடுவதில்லை என்று பையின் அடியில் போட்டுவிட்டேன். விடுதி வரவேற்பறையில் ஒரு கணினி இருக்கிறது. காலையில் ஒருமுறை அதில் மெயில் பார்ப்பேன். நம் பேச்சுவார்த்தை எல்லாம் இனி இப்படித்தான்.

அறை தீப்பெட்டி அளவு. டென்னிஸ் ராக்கெட் பையை உள்ளே வைத்தால் கதவு பாதிதான் திறக்கிறது. துவைத்த காலுறைகளை மேசை விளக்கின் மேல் காயப்போட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

முதல் செட் கையைவிட்டுப் போனது உனக்குத் தெரியும். ஏன் போனது என்று சொல்கிறேன். ஒவ்வொரு பாயிண்டும் முடிந்ததும் என் தலை தானாகப் பயிற்சியாளர் நாற்காலிப் பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. உன்னை வர வேண்டாம் என்று சொன்னதே நான்தான், ஆனாலும் கழுத்துக்கு அது புரியவில்லை. இரட்டையர் ஆட்டத்தில் நீ வலையோரம் நின்று முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாய், நான் அந்தப் பக்கம் சர்வீஸ் போடுவேன். உன் முட்டி போன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாலேயே சொன்னாய். எனக்கு அடிக்கத் தெரியும் அக்கா. எங்கே அடிப்பது என்று ஒரு நாளும் நானாக முடிவு செய்ததில்லை.

இடைவேளையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு எங்கே அடிக்கப் பிடிக்கும் என்று யோசித்தேன். பக்கக் கோட்டை ஒட்டி நேராக அடிக்கப் பிடிக்கும். ஆபத்தான அடி, நீ அனுமதிக்கவே மாட்டாய். அதையே அடித்தேன். இரண்டு வெளியே போனது. மூன்றாவது உள்ளே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு எதிரில் ஆடியவளுக்கு நான் எங்கே அடிப்பேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கடைசி நொடிவரை தெரியவில்லை.

முட்டி எப்படி இருக்கிறது?

உன்,
வாலு

*

மார்ச் 8

என் அன்பு வாலுவுக்கு,

மூன்று சுற்று முடித்துவிட்டாய். இங்கே பேருந்து நிலையத்தில் என் அறிவிப்புக் கூண்டுக்குள் வந்து கைகுலுக்காத நடத்துநர் இல்லை. நேற்று உன் ஆட்டம் முடிந்த நேரம் பார்த்து நான்காம் நடைமேடை வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தேன். "ஆறு நாலு, ஆறு மூணு, புறப்படத் தயாராக உள்ளது" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். மேலாளர் எட்டிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அம்மா வழக்கம்போல் ஆட்டம் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து துணி மடிக்கிறாள். "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டபடி மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடிக்கிறாள்.

நல்ல செய்தி ஒன்று. மருத்துவர் என்னை ஒற்றைக் காலில் மாடிப்படி இறங்கச் சொன்னார். இறங்கினேன். "இனி நீங்க ஆடலாம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் யாரும் இல்லாத சந்தில் கொஞ்சம் ஓடிக்கூடப் பார்த்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஓடுகிறேன், அழுகை வந்துவிட்டது, அதை விடு. அடுத்த மாதப் போட்டிக்கு இரட்டையரில் நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். நீ வந்து இறங்கியதும் பயிற்சி.

இப்போது நாளைய வேலை. வர வேண்டாம் என்றாய், வரவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லையே. நாளைக்கு உன்னோடு ஆடப்போகும் இடதுகைக்காரியின் பழைய ஆட்டங்களை எல்லாம் பார்த்தேன். பின்னாலேயே நில். அவள் இடது காலை ஒட்டி சர்வீஸ் போடு. எக்காரணம் கொண்டும் வலைக்கு ஓடாதே. பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டே ஆளைக் கொன்றுவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்பு அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி சரியானதைப் படித்ததும் வரவேற்பறை என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அங்கே பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

காலிறுதிக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். முதல் செட்டில் நீ சொன்னபடியே ஆடினேன். இரண்டுக்கு ஆறு என்று போனது. நீ சொன்னது தவறு இல்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் உன் கடிதத்தை மனதுக்குள் படித்து முடிப்பதற்குள் பந்து என்னைத் தாண்டிவிடுகிறது. இரண்டாம் செட்டில் கடிதத்தை மறந்துவிட்டு வலைக்கு ஓடினேன். ஆமாம், வலைக்குத்தான். முதல் தடவை தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள், ஏமாந்தேன். அடுத்த தடவையும் ஓடினேன். அவள் முகம் மாறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை வருடமும் வலையோரம் உன் இடம், பின்கோடு என் இடம் என்றே இருந்தேன். அங்கே நின்றால் எதிராளியின் கண் தெரியும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

அக்கா, அடுத்த மாதம் நான் இரட்டையர் ஆடவில்லை.

இதை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் அதுதான். நான் ஒற்றையரில் முழுதாக இறங்கப் போகிறேன். உன்னோடு நின்றால் மறுபடியும் உன் விரலைத்தான் பார்ப்பேன். அது உன் தப்பு இல்லை, பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு சுகம். நீ ஓடிப் பார்த்த அதே வாரத்தில் இதைச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கு வந்து நேரில் சொல்லியிருக்கலாம். அதுவரை உன்னை நம்பவைத்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

திட்டி எழுது. ஆனால் எழுது.

உன்,
வாலு

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றும் இன்றும் காலையில் கணினியைத் திறந்தேன். விளம்பரம்தான் வந்திருந்தது.

உன் மௌனம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் சண்டை போட்டால் நீ பேசாமல் என் ஷூவுக்கு மட்டும் லேஸ் கட்டிவிடுவாய். இப்போது அதுவும் இல்லை.

பெரிய மைதானத்தில் ஆட்டம். உள்ளே போகும் சுரங்கப் பாதையில் எனக்கு முன்னால் நடந்தவள் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்காரி. அவளைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, நீ என் மேல் கோபமாக இருக்கிறாய் என்பதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். கோபத்தோடு இருக்கும் அக்காவை வைத்துக்கொண்டு நான் ஜெயித்ததே இல்லை. முதல் மூன்று கேம் அந்த நினைப்பிலேயே போனது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, அக்கா கோபமாகவே இருக்கட்டும், இந்தப் பந்தை அடிக்க வேண்டியவள் நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகும் வருத்தம் போகவில்லை. வருத்தத்தோடேயே கை நன்றாக ஆடியது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் செட் ஏழு ஐந்து. கடைசிப் பாயிண்டில் கோட்டை ஒட்டி நேராக அடித்தேன். கேமரா எல்லாம் இருந்தது. நீயே பார்த்திருப்பாய், பார்த்தாயா என்பதுதான் தெரியவில்லை.

நாளை மறுநாள் அரையிறுதி. நீ எழுதாவிட்டாலும் ஆடுவேன், நன்றாகவே ஆடுவேன். எழுதினால் நன்றாகத் தூங்குவேன்.

உன்,
வாலு

*

மார்ச் 15

என் அன்பு வாலுவுக்கு,

நீ வந்து சேரும்முன் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று கூண்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன். நடுவில் வண்டி வந்தால் அறிவித்துவிட்டு வருவேன்.

எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். அரையிறுதியில் தோற்றதையும் பார்த்தேன். கடைசி கேமில் இரண்டு சர்வீஸையும் வலையில் போட்டாயே, அப்போது உன் தலை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அடுத்த பந்தை வாங்கி, தரையில் தட்டி, அதே வேகத்தில் மறுபடியும் போட்டாய். அது உள்ளே விழுந்தது. அந்த ஒரு பாயிண்டுக்காக எழுந்து நின்று கைதட்டினேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்து அம்மா சுவரைவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ஏன் எழுதவில்லை என்றால், கோபம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்தக் கால் உன்னோடு ஆடுவதற்காகத்தான் சரியானது என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அவ தனியா நின்னு ஆடுறா. அதுக்கு நீ எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கால் உன்னோடதுதானே? நீயும் போய் ஆடு" என்றாள். அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னதே வாழ்நாளில் அன்றுதான்.

அன்று சாயங்காலமே கூச்சல்காரிக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறுவாளே, நம்மை இரண்டு தடவை ஓட ஓட விரட்டினாளே, அவள்தான். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்திருக்கிறாள், ஜோடிதான் அமையவில்லையாம். "உங்க தங்கச்சி ஒத்துக்குவாளா?" என்று கேட்டாள். உன் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அதே போட்டி. உனக்கு ஒற்றையர், எனக்கு இரட்டையர். என் ஆட்டத்துக்கு வா, ஆனால் யோசனை சொல்லாதே.

நேற்றுக் காலை முதல் பயிற்சி. எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில் ஒரு பந்து வந்தது. நீயும் நானும் அந்த மாதிரிப் பந்துக்கு வாய் திறந்ததே கிடையாது. யார் எடுப்பது என்பது நம் காலுக்கே தெரியும். நேற்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், பந்து நடுவே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே போனது. மூன்றாவது வந்தபோது நான் "என்னுது" என்று கத்தினேன். அவளைவிடச் சத்தமாக.

நன்றாகத்தான் இருந்தது, வாலு.

உன் அக்கா