திரைக்குப் பின்னால் நீ ஆடியது

நேற்று சாயங்காலம் மகள் வீட்டு டிவியில் ஒரு நாடகம் ஓடியது. வெளிநாட்டுக் கதை, தமிழில் பேச வைத்திருந்தார்கள். புது மாதிரி ஆட்டம் ஒன்றை முதன்முதலாக மேடை ஏற்றுகிறார்கள். பார்க்க வந்தவர்கள் பிடிக்காமல் எழுந்து நின்று நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார்கள், சீட்டி அடிக்கிறார்கள். ஆடிய பிள்ளைகள் நிறுத்தவே இல்லை.

"ஏம்மா, அழுகறயா?" என்று மகள் கேட்டாள். கண்ணில் புரை, தண்ணீர் வருகிறது என்றேன். நீ போய்ச் சேர்ந்த முப்பதாம் நாள் பூசைக்குப் போய்வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. உடம்பு கட்டை மாதிரி கிடக்கிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நமக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். ராசிபுரத்துப் பக்கம் நம் மாதா கோயிலில் வருஷாவருஷம் ஏசு பாடுபட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். ஊரார் கல்லெறிய வந்தபோது ஆண்டவர் காப்பாற்றிய மரிய மதலேனாளாக ஒரு ஆண்தான் புடவை கட்டி வருவார். மீசையை எடுக்க மாட்டார், முக்காட்டால் மறைத்துக்கொள்வார். அந்த வருஷம் நீ சாமியாரிடம் போய், "மதலேனாளா நான் வாரேனுங்க. வசனம் வேண்டாம், சலங்கை கட்டி ஆடறேன்" என்று கேட்டாய். சேலத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தபோது, அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாட்டிய வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைக் கதவோரம் நின்று பழகியவள் நீ. சாமியார் சரி என்றார். ஊர் சொல்லவில்லை. உன் அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ எங்கள் தறிக்கூடத்தில், தறியில் நீட்டிய பாவு நூலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் ஆடிப் பழகினாய்.

திரைக்கயிறு என் கையில்தான் இருக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய்.

"யாரு என்ன கத்துனாலும் கயித்த மட்டும் உட்றாத புள்ள. ஆண்டவர் காலுல உழுந்து கும்புட்டு முடிக்கோணும். அப்பறம் கல்லக் கொண்டாந்து எறியட்டும்."

"நெசமாவே எறிஞ்சா?"

"மதலேனாளுக்குக் கல்லு புதுசா?" என்று சிரித்தாய்.

விளக்கு வைக்கும் நேரம். வாசல் நிறைய ஜனம். நீ ஆடிவந்து, ஆண்டவர் பாதத்தைத் துடைக்கக் கூந்தலை அவிழ்த்தாய். அவ்வளவுதான். "நிறுத்துங்கடா! பொம்பள தலைய விரிச்சுப் போட்டு ஆடறதுக்கா கோயிலு?" என்று ஒருவர் எழுந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். நான் கயிற்றை விட்டேன். திரை விழுந்தது.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஆனால் நிற்கவில்லை. மத்தளக்காரர் கையை எடுத்துவிட்டு வெளியே நழுவினார். ஆண்டவராக நடித்தவர் முக்காலியை விட்டு இறங்கிப் போய்விட்டார். வெளியே கூச்சல். உள்ளே உன் சலங்கை மட்டும். கடைசி அடி வரை ஆடி, அந்தக் காலி முக்காலி முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தாய்.

"ஏம் புள்ள உட்ட?"

"தறியில இழை அறுந்து 'நிறுத்து'ன்னு சத்தங் கேட்டா, அடுத்த அடி அடிக்கப்படாது. அந்தப் பழக்கம், கை தானா உட்டுருச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாய். "தறிக்காரி கையில கயித்தக் குடுத்தது என் தப்பு" என்றாய்.

அதன் பிறகு நீ சலங்கை கட்டவில்லை. அடுத்த வருஷம் மீசைக்காரரே வந்தார். உன்னைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே நான் வரும்போதெல்லாம் உன் பிள்ளைகளிடம் அந்தத் தறிக்காரி கதையைச் சொல்வாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே அலுத்துப்போனேன்.

கை தானாக விடவில்லை. நான்தான் விட்டேன். அன்றைக்குப் பெண்கள் பக்கம் முன்வரிசையில், வெண்ணந்தூரிலிருந்து வந்த என் வருங்கால மாமியார் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். திரை ஓரம் நின்ற என்னை அவர் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. இவளும் அவளோடு சேர்ந்தவளா என்று நினைத்துக் கல்யாணத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு உன் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், நூல் சுற்றிக்கொண்டே அந்த மாமியார் கேட்டார்:

"உங்கூர்ல ஒரு புள்ள சலங்கை கட்டி ஆடுச்சே, எந்தக் கட்டையில போறவன் திரைய உட்டான்? முடிவு பாக்காம எந்திரிச்சு வந்தது இன்னும் மனசுலயே கெடக்குது. அது எப்படித்தான் முடியுது?"

"தெரியாதுங்க அத்தை" என்றேன்.

இரண்டு தடவை உன்னை மறைத்திருக்கிறேன். முடிவைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். உன் காலடி ஒவ்வொன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. இனி யார் கேட்டாலும் சொல்வேன். கேட்ட அத்தையும் போய்விட்டார், நீயும் போய்விட்டாய்.