மூலை கடிபட்ட விண்ணப்பம்

மச்சான்,

இன்று காலை கந்தோரில் என் மேசைக்கு வந்த ஒரு கடித உறையைப் பிரித்ததும் ஆட்டு மணம் வந்தது. டவுன்டவுனில், ஒன்பதாம் மாடியில், ஆட்டு மணம்! உள்ளே மேய்ச்சல் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டு உன் மனைவி அனுப்பிய விண்ணப்பம். கையெழுத்துக்குப் பக்கத்து மூலையை ஆடு கடித்திருந்தது. உன்னுடைய முதல் விண்ணப்பமும் இப்படித்தான் வந்தது. முதலில் சிரித்தேன், பிறகு கண் கலங்கிவிட்டது. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

லாசாலில் இருக்கும் உன் வீட்டில் இருந்து தினமும் வேன் ஓட்டிப் போய், நகரத்துக்கு வெளியே வாடகைக் கொட்டிலில் நாற்பது ஆடுகள் வளர்த்தாய். பக்கத்துக் காணி மத்திய அரசுடையது. இடுப்பளவு புல், தின்னத்தான் ஆளில்லை. காணி அவர்களுடையது என்றாலும், அதற்குள் ஓடும் ஓடையும் ஆடுகளின் சுகமும் எங்கள் மாகாண அரசின் பொறுப்பு. இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் ஆடு உள்ளே போகலாம். மாகாணத்தின் பக்கத்தில் அந்தக் கோப்பு வந்து சேர்ந்தது என் மேசைக்கு.

அவர்களின் கடிதம் வரட்டும் என்று நான் இருந்தேன். எங்களுடையது வரட்டும் என்று அவர்கள் இருந்தார்கள். வைகாசி முடிந்தது. நீ வாங்கிப் போட்ட காய்ந்த புல்லும் முடிந்தது. பாதி ஆடுகளை விற்றாய். இன்னும் இழுபட்டால் மிச்சத்தையும் விற்க வேண்டியதுதான் என்றாய்.

அப்போதும் நான் அசையவில்லை. சோம்பல் இல்லை, மச்சான், பயம். அந்தக் கந்தோரில் நான் ஒருவன்தான் தமிழன். தன் ஆளுக்குக் காரியம் பார்க்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல், உன் கோப்பை மற்றக் கோப்புகளைவிட இறுக்கிப் பிடித்தேன்.

ஒரு சனிக்கிழமை கொட்டிலுக்கு வந்தேன். நீ தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்.

"வேற ஆரும் இப்பிடி மாட்டுப்பட்டு நிண்டா என்ன செய்வாய்?"

"மற்றப் பக்கத்துக்கு ஒரு போன் கோல் எடுப்பன்."

"அப்ப எனக்கும் அதைச் செய். கூடச் செய்யச் சொல்லேல்லை. குறைச்சுச் செய்யாதை."

நீ கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை போன் எடுத்தேன். மத்திய அரசின் பக்கத்தில் பேசிய பெண் கோப்பின் இலக்கத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். உங்கள் கடிதத்துக்குத்தானே இவ்வளவு நாளும் காத்திருக்கிறோம் என்றார். அந்த வாரமே அவரும் நானும் ஒரே காரில் வந்து ஓடையைப் பார்த்தோம். கரையோரம் ஒரு வேலி போட்டால் போதும் என்று அங்கே நின்றபடியே முடிவானது. வேலி போட்ட அன்று ஆடுகள் புல்லுக்குள் மறைந்து போக, காதுகள் மட்டும் தெரிந்தன.

"பார், இதுகளுக்கு எந்த அரசாங்கத்தின்ர புல்லெண்டு ஒரு கவலையும் இல்லை" என்று சிரித்தாய்.

விற்றுப்போன ஆடுகளைப் பற்றி நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் அது ஆறவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கோப்பு வந்தாலும், யாருடையது என்றாலும், முதலில் மற்றப் பக்கத்துக்குப் போன் எடுக்கிறேன்.

இன்று மட்டும் எடுக்கவில்லை. உன் மனைவியின் விண்ணப்பத்தோடு நேரே மேலதிகாரியிடம் போனேன். "இவருடைய கணவர் என் சிநேகிதர். கோப்பை நான் பார்ப்பது சரியில்லை" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலையாட்டி, அதைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்தார். அவ்வளவுதான். அவளும் உடனே போனை எடுத்தாள்.

நான் திரும்பும்போது மேலதிகாரி கேட்டார், "உங்கள் சிநேகிதர் சுகமாக இருக்கிறாரா?"

அந்தக் கந்தோரில் உன்னைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ இருக்கும்போதே உன்னைப் பற்றிச் சொல்லி, கேட்க வைத்திருக்கலாம், மச்சான்.